மூன்றரைக் கிலோ உயிர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் பேசியது. பேசினபடியே எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டதால், பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கிறேன்.)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது பி.யூ.சி. என்கிற ஒரே ஒரு வருஷம்தான். அதன்பிறகு சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டேன். ஒரு வருஷக்காரனுக்கு மைக் எதற்கு என்று செயலாளரிடம் நானே கேட்டேன். "ஏல, போன வருஷம் பந்தியில உன் இலையைச் சுத்தி நின்னு நாயைப் பத்தியே கேட்டாங்கள்லா? அதையே மேடையில சொல்லிரு. இந்தத் தடவையாவது நிம்மதியா சாப்பிடலாம்" என்றார். சாப்பாட்டுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன்.

பந்தியில் கேட்டவர்கள் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். வீட்டில் இரண்டே பேர். "ஒரு குட்டி நாய் வாங்கிக்கோங்கப்பா, மடியிலேயே கிடக்கும்" என்று மகள் போனில் சொல்கிறாள். வாங்கலாமா? கடைசியில் ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள் பாருங்கள், "சின்னதுதானே டாக்டர், தொந்தரவு இருக்காதே?" அந்த "சின்னதுதானே"யை நம்பி நான் ஒரு குட்டியைக் கொல்லப் பார்த்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முன்வரிசையில் இருப்பதால் கூட்டியோ குறைத்தோ சொல்ல வழியில்லை.

நான் மாட்டு டாக்டர். 34 வருஷம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தேன். பெரும்பகுதி சங்கரன்கோவில் சுற்று வட்டாரக் கிராமங்கள். மாடு, எருமை, ஆடு, கோழி. நாய் என்றால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. அதுகூட வேட்டைக்குப் போய்ப் பன்றி கிழித்து வந்தால் தையல் போடக் கொண்டுவருவார்கள். மடியில் வைத்துக் கொஞ்சும் நாயைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு டவுன் அம்மாள் பொமரேனியனை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தபோது, "இதுக்கு என்னம்மா, அணில் மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், 2016-ல், என் மனைவியின் தங்கை வீட்டிலிருந்து ஒரு குட்டி வந்தது. தாய் பொமரேனியன். தகப்பன் ஷிட்சு என்று சொன்னார்கள், சாட்சி கிடையாது. ஈன்ற நான்கில் இதுதான் கடைக்குட்டி. இரண்டு மாசத்தில் எடை 600 கிராம். என் செருப்புக்குள் படுத்துக் தூங்கும். சிட்டு என்று பெயர் வைத்தார் என் மனைவி.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் கழிச்சல். மனைவி பதறினார். நான் 34 வருஷ அனுபவத்தோடு சொன்னேன்: "ஒண்ணும் கொடுக்காதே. ராத்திரி பூரா வயிறு காயட்டும். காலைல சரியாப் போயிரும்." கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டால் ஒரு வேளை பாலை நிறுத்தி, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொடுக்கச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அதில் பாலை நிறுத்துவதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். சர்க்கரைத் தண்ணீரை மறந்துவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு மனைவி என்னை உலுக்கினார். "ஏங்க, குட்டி செத்துப்போச்சுங்க." தூக்கினேன். நனைந்த துணி மாதிரி ஜில்லென்று தொங்கியது. ஈறு வெளுத்திருந்தது. பிறகு கால்கள் நான்கும் வெட்டி வெட்டி இழுத்தன. பழைய பையைத் திறந்தேன். உள்ளே மாட்டின் கழுத்து ரத்தக்குழாய்க்குப் போடும் ஊசிகள். குட்டியின் முன்னங்கால் பென்சில் தடிமன்கூட இல்லை. அந்த ஊசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்போதுதான் புத்தி வந்தது, இது சர்க்கரை இறங்கின கேஸ் என்று. பூஜை அறையில் அபிஷேகத்துக்கு வைத்திருந்த தேனை எடுத்துவரச் சொல்லி, விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். வாய்க்குள் ஊற்றவில்லை, விழுங்கத் தெரியாத நிலையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மனைவி அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் நாக்கு லேசாக அசைந்து விரலை நக்கியது.

விடிந்ததும் சின்னப் பிராணிகளுக்கென்றே கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் டாக்டரிடம் ஓடினோம். வயது என் மகளைவிடக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றினார். "எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருந்தது சார்?" என்று கேட்டார். "பத்து மணி நேரம்" என்றேன். நான் யார் என்று அவருக்குத் தெரியும். எழுதிக்கொண்டார், ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். மாட்டின் வயிற்றில் ஒரு நாள் தீனி இருப்பு எப்போதும் கிடக்கும். பெரிய நாய்க்குக் கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பிலும் சேமிப்பு உண்டு. 600 கிராம் குட்டிக்குச் சேமிப்பே கிடையாது. அன்றாடம் காய்ச்சி. உடம்பு சின்னதாக இருப்பதால் சூடும் சீக்கிரம் போய்விடுகிறது. அந்தச் சூட்டைக் காப்பாற்றவே வேகமாக எரிக்கிறது. ஆகவே மூன்று நான்கு மாசம் ஆகும்வரை மூன்று நான்கு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாக வேண்டும். தள்ளாடினால், நடுங்கினால், கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், முதலில் ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ, பிறகு டாக்டர். சிறிய நாயைப் பெரிய நாயின் சுருக்கம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

சிட்டு வளர்ந்து மூன்றரைக் கிலோவில் நின்றுவிட்டது. அந்த எடையை வைத்தே நான் எல்லாவற்றையும் கணக்குப் போட ஆரம்பித்தேன். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே சுமார் 300 மில்லி. இரண்டு டம்ளர் காபி. அதில் பத்து உண்ணி கடித்துக் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் வருஷம் பூராவும் உண்ணி உண்டு. ரத்தத்தை மட்டும் குடிப்பதில்லை, உண்ணிக் காய்ச்சலையும் கொடுத்துவிட்டுப் போகிறது. தினமும் சாயங்காலம் காது மடிப்பு, கழுத்து, கால் விரல் இடுக்கு மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. இந்த எடை நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 250 முதல் 290 கலோரி. ஒரு மேரி பிஸ்கெட் சுமார் 25. பேப்பர் படிக்கும்போது ஒன்று, காபிக்கு ஒன்று, சீரியலுக்கு இரண்டு என்று நாலு போட்டால், அதன் நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. நமக்கு அது பத்து இட்லிக்கு மேல் தின்ற கணக்கு. "நாலு பிஸ்கெட்தானே" என்பவர் பத்து இட்லி சாப்பிடுவாரா? 300 கிராம் எடை கூடினால் கண்ணுக்குத் தெரியாது. நம்மில் ஐந்தரைக் கிலோ கூடின மாதிரி. காய்கறிக்கடைத் தராசில்கூட நிறுத்துவிடலாம். மாசம் ஒரு தரம் நிறுங்கள்.

அடுத்தது சாம்பார் சோறு. இதைச் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். "எங்க தாத்தா வீட்டு நாய் சாம்பார் சோறு தின்னுதான் பதினாலு வருஷம் இருந்தது" என்பீர்கள். இருந்திருக்கும். அது இருபது கிலோ நாய். கிடைத்தது அடிச்சட்டிச் சோறு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். எத்தனை தின்றது என்பதோடு உடம்பு எத்தனை கிலோ என்பதும் கணக்கு. மூன்றரைக் கிலோவுக்குச் சின்ன வெங்காயம் சின்னது இல்லை. திராட்சை, உலர்ந்த திராட்சை இரண்டும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எந்த நாய்க்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நம் புளியில் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் பிறகு எழுதினார்கள். ஆகப் பாயசத்தில் மிதக்கிற திராட்சை, புளியோதரை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதில் சைலிடால் போட்ட சூயிங்கம், எல்லாம் கூடாது. தலைவலி மாத்திரையும் அப்படித்தான். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு முழு மாத்திரையே இந்த எடைக்கு ஈரலைக் கெடுக்கப் போதும். நாய்க்கு இயல்பான சூடே 101, 102 டிகிரி. தொட்டுப் பார்த்துவிட்டு "காய்ச்சல் அடிக்குதே" என்று பாசத்தில் மாத்திரை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எலும்பு, பல், தொண்டை மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சோபாவிலிருந்து குதிக்கும்போதும் பேரப்பிள்ளை கையிலிருந்து நழுவும்போதும் முன்னங்கால் ஒடியும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும். சோபாவை ஒட்டி ஒரு முக்காலி போடுங்கள். நடக்கும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டியடித்துவிட்டு மறுபடி சரியாக ஓடினால், விளையாட்டு என்று சிரிக்காதீர்கள். முழங்கால் சில்லு விலகுகிறது. பெரிய நாய்க்கும் நிரந்தரப் பல் 42, இதற்கும் 42. தீப்பெட்டி அளவு தாடையில் 42 பல்! பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்து இரட்டை வரிசையாக நிற்கும். ஏழு மாசத்துக்கு மேலும் நின்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அழுக்கு சேர்ந்து ஈறு அழுகும். கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள், மூச்சுக்குழாய் மெத்து. தாரா கத்துவது மாதிரி இருமினால் அதுதான். மார்பைச் சுற்றிக் கட்டும் வார் கடையில் கிடைக்கிறது. முகம் தட்டையாகவும் கண் பிதுங்கியும் இருக்கிற ஜாதியைப் பிடரியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கண் வெளியே வந்துவிடும். பயமுறுத்தவில்லை, நடக்கிற விஷயம்.

இனிக் கலப்பு. இப்போது மால்டிபூ என்கிறார்கள். மால்டீஸும் பூடிலும் சேர்ந்தது. பொமரேனியனும் சிவாவாவும் சேர்ந்தது, ஷிட்சுவும் பூடிலும் சேர்ந்தது என்று தினம் ஒரு பெயர். "கலப்புன்னா நோயே வராதாமே டாக்டர்?" என்று கேட்கிறார்கள். கலப்பைப் பற்றி மாட்டு டாக்டரிடம் கேட்பது சரிதான். நாட்டு மாட்டுக்கு ஜெர்சி சேர்த்து முதல் தலைமுறையில் பால் கூடியதை ஊர் ஊராகப் பார்த்தவன் நான். கலப்பு வீரியம் உண்மை. ஆனால் அந்தக் கலப்பு மாடு சித்திரை வெயிலில் நாக்குத் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். நாயிலும் அதே கதைதான். தாய்க்கும் தகப்பனுக்கும் வேறு வேறு குறை என்றால் கலப்பு காப்பாற்றலாம். இரண்டு பேருக்குமே முழங்கால் சில்லு விலகும் என்றால் பிள்ளைக்கு எங்கிருந்து நல்ல முழங்கால் வரும்? குட்டிச் சின்ன ஜாதிகள் எல்லாவற்றுக்குமே பல்லும் சில்லும் பொதுக் குறைகள். அதோடு ஒரே ஈற்றில் ஒன்றுக்கு முடி தாயைப் போல, ஒன்றுக்குத் தகப்பனைப் போல. சிட்டுவுக்குப் பொமரேனியனின் அடி ரோமமும் ஷிட்சுவின் வளர்கிற முடியும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு நாள் சீவாவிட்டால் சிக்கு. வெயிலுக்கு இதம் என்று ஒட்டச் சிரைத்துவிடலாம் என்றேன். அந்தப் பெண் டாக்டர்தான் தடுத்தார். பொமரேனியன் ரோமத்தைச் சிரைத்தால் சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்காக முளைப்பதில்லையாம்.

"டீ கப்" நாய் என்று சொல்லி விற்பவர்களிடம் ஜாக்கிரதை. அப்படி ஒரு ஜாதியே கிடையாது. சவலைக் குட்டியையும், தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டியையும் அந்தப் பெயரில் கூடுதல் விலைக்குத் தள்ளுகிறார்கள். எட்டு வாரம் முடியாத குட்டியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முடிந்தால் தாயைப் பாருங்கள். தாய்க்கும் பாவம் கஷ்டம். பிள்ளைப் பாலுக்குச் சுண்ணாம்புச்சத்து இறங்கி நடுங்கி விழுந்துவிடும். கறவை மாட்டுக்கு வரும் பால் ஜுரம் மாதிரிதான். மாட்டுக்கு 450 மில்லி கால்சியம் பாட்டிலை நின்றபடி ஏற்றியிருக்கிறேன். இந்த நாய்க்குச் சில மில்லி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக. எனக்குக் கை நடுங்கும்.

குணத்தைப் பற்றி. சின்ன நாய் ஏன் ஓயாமல் குரைக்கிறது, ஏன் வெடுக்கென்று கடிக்க வருகிறது என்று கேட்கிறீர்கள். தரையில் படுத்துக்கொண்டு ஒரு தரம் உங்கள் கூடத்தைப் பாருங்கள். நான் பார்த்தேன், பேத்தி போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள், அது வேறு விஷயம். எல்லாப் பக்கமும் பெரிய பெரிய பாதங்கள். எது நம்மை மிதிக்கும் என்று தெரியாது. பயந்தவன் சத்தம் போடத்தானே செய்வான்? ராஜபாளையம் ஒரு தரம் உறுமினால் பத்தடி தள்ளி நிற்கிறோம். இது உறுமினால் சிரித்துக்கொண்டு தூக்குகிறோம். உறுமிப் பலனில்லை என்று தெரிந்தபின் கடிக்கிறது. அது திமிர் இல்லை; நாம் காது கொடுக்காததன் விளைவு. மூன்று மாசத்துக்குள் நாலு விதமான மனிதர்களையும், குக்கர் சத்தத்தையும், வாசலில் போகும் வண்டியையும் மெதுவாகப் பழக்கிவிட வேண்டும். தெருவில் வேறு நாயைக் கண்டதும் வாரித் தூக்கிக்கொண்டே இருந்தால் அது நடக்கவே கற்காது.

கடி என்றதும் ஒன்று. வீட்டை விட்டே போகாத நாய்க்கு வெறிநோய் ஊசி எதற்கு என்று யாரும் கேட்காதீர்கள். மூன்றாம் மாசம் ஒன்று, டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, பிறகு வருஷா வருஷம். எந்த நாய் கடித்தாலும், அது நம் மடி நாயாகவே இருந்தாலும், குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் எடைக் கணக்கு செல்லாது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா?

2022-ல் எனக்கு நெஞ்சுவலி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மனைவியும் என்னோடு. சிட்டு பக்கத்து வீட்டில். முதல் இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எங்கள் வீட்டுக் கதவடியிலேயே படுத்திருந்ததாம். அந்த வீட்டுப் பெண், பிளஸ் டூ படிக்கிறவள், என் பழைய சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து அதன் மேல் சோற்றுத் தட்டை வைத்திருக்கிறாள். அப்புறம்தான் சாப்பிட்டது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். சின்ன நாய்கள் பதின்மூன்று, பதினைந்து வருஷம் சாதாரணமாக இருக்கும். என் கணக்கு?

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை கிராம் சாப்பாடு, எந்த ஊசி எப்போது, எந்த மருந்து ஆகாது, இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும், எங்கே சொறிந்தால் தூங்கும் எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவிடம் நேரில் போய்க் கேட்டேன், எங்களுக்குப் பிறகு வைத்துக்கொள்வீர்களா என்று. இரண்டு நாள் யோசித்துச் சொன்னார்கள். உடனே சரி என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

நாம் எல்லாரும் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. இந்த வயசில் இரண்டு மாசக் குட்டி வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மூன்று மணிக்கொரு தரம் எழுந்திருக்க உங்களால் முடியலாம். பதினைந்து வருஷம் முடியுமா? ஆனால் நாயே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளோடு போய் இருந்துவிடலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆறு வயசு, ஏழு வயசு, பழக்கப்பட்டது, பல் முளைத்து முடிந்தது, செருப்புக் கடிக்காது. போன மாசம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்று நாலு கிலோ, வெள்ளை, கொஞ்சம் குரைக்கும். இன்னொன்றுக்கு ஒரு கண் தெரியாது, சாது. வேண்டுகிறவர்கள் என்னிடம் வாருங்கள். ஆனால் வரும்போதே, உங்களுக்குப் பிறகு யார் என்று ஒரு பெயரையும் யோசித்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பெயர் இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன். நட்பு வேறு, நாய் வேறு.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நாலு மணிக்கு டியூஷன். அதற்குள் நாங்கள் வீடு போய்ச் சேர வேண்டும். இன்று பந்தியில் சேமியாப் பாயசம் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இரண்டு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள். சிட்டுவுக்கு என்று யாரும் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டாம்.